108 குழுவுக்கு ஒரு நிலையம்: மதுரைப் பக்கம் கட்ட நினைப்பவர்களுக்கு

மதுரையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 108 வண்டி ஒன்று சாலையோரம் நிற்பதைப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் காம்பவுண்டு ஓரத்தில் நிற்கும், அல்லது புளியமர நிழலில் நிற்கும். உள்ளே வண்டி ஓட்டும் ஒரு பைலட்டும் ஒரு மருத்துவ உதவியாளரும் இருப்பார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கேஸ் வராத நேரத்தில் அந்த வண்டிதான் அவர்களுக்கு அலுவலகம், சாப்பாட்டு அறை, படுக்கை எல்லாம்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரையில்தான், நம் பெரியாஸ்பத்திரியான அரசு இராஜாஜி மருத்துவமனையில்தான் நடந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் தோப்பூர் அரசு மருத்துவமனைக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நோயாளிகளைச் சுமந்தவர்கள் இந்தக் குழுக்களே. கவச உடையைக் கழற்றவும், குளிக்கவும், பயமில்லாமல் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடவும் இவர்களுக்கு ஒரு முறையான கட்டடம் வேண்டும். ஊராட்சியோ அறக்கட்டளையோ சமூகப் பணிக்கென்று சி.எஸ்.ஆர். பணம் வைத்திருக்கும் நிறுவனமோ அப்படி ஒன்றைக் கட்ட முன்வந்து, அந்த வேலை முதன்முறையாக உங்கள் கைக்கு வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. இரண்டு வண்டிகள், ஒரு ஷிப்டில் நான்கு பேர், ஷிப்ட் மாறும்போது எட்டுப் பேர் என்ற அளவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இடம்

வண்டி கிளம்பியதும் எந்தத் திசைக்கும் தடையில்லாமல் போக வேண்டும். நான்கு வழிச்சாலையை ஒட்டிய மனை என்றால் சென்டர் மீடியனில் திரும்பும் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்ப வேண்டும் என்றால் அந்த மனை வேண்டாம். ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் மனையும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கத்திலேயே இடம் கிடைத்தால் அதுவே நல்லது.

அடுத்தது தண்ணீர். மதுரையைச் சுற்றிக் கண்மாய்களும் வரத்துக்கால்களும் எங்கும் உண்டு. பத்து வருடமாகக் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் அளவைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடத்தையும் நிலத்தின் வகையைச் சொல்லும் அ பதிவேட்டையும் கேட்டு வாங்கி, பக்கத்துச் சர்வே எண்கள் நீர்நிலைப் புறம்போக்கா என்று பாருங்கள். அப்புறம் அங்கேயே ஆடு மேய்க்கும் பெரியவர் யாரிடமாவது, பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். அவர் காட்டும் மட்டத்துக்கு மேல் இரண்டடி வைத்துத் தரைமட்டத்தை முடிவு செய்யுங்கள். ஊரே வெள்ளத்தில் நிற்கும் நாளில்தான் இந்த வண்டி அதிகம் ஓடும்.

சுவர் போடும் முன் வழியைப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் வேலை அறைகளின் பட்டியல் போடுவது. ஓய்வறை ஒன்று, ஸ்டோர் ஒன்று, கழிப்பறை இரண்டு என்று எழுதி, அவற்றைச் சதுரமாக அடுக்கிவிடுவார்கள். அந்தத் தாளை ஓரமாக வையுங்கள். வெறும் தாளில், கேஸ் முடித்துத் திரும்பும் ஒரு குழு வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து சாப்பிட உட்காரும் வரை நடக்கும் வழியை ஒரே கோடாக வரையுங்கள். இந்தக் கட்டடத்தின் உயிர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

நம் ஊர்களில் சாவு நடந்த துஷ்டி வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் நேராகக் கூடத்துக்குள் வர மாட்டார்கள். பின்பக்கமாக வந்து, குளித்து, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இந்த நிலையத்தின் ஒழுங்கும் அதேதான்.

வழி இப்படிப் போகட்டும்: வண்டி கழுவும் இடம், கை கழுவும் தொட்டி, உடை கழற்றும் அறை, குளியலறை, மாற்றுடை லாக்கர், அதற்குப் பிறகு சுத்தமான தாழ்வாரம், ஓய்வறை. புதிய கேஸுக்குக் கிளம்பும் வழி தனி. ஓய்வறையிலிருந்து வெளியே வந்து, பொருள் அறையில் கையுறையும் முகக்கவசமும் எடுத்து, நேராக வண்டி. வருகிற வழியும் போகிற வழியும் எங்கும் குறுக்கே வெட்டக் கூடாது. வெட்டினால் கதவின் இடத்தை மாற்றுங்கள், அதுவும் போதாவிட்டால் அறையின் இடத்தையே மாற்றுங்கள். தாளில் மாற்றுவதற்குச் செலவு கிடையாது.

பெருந்தொற்றுக்கென்று ஒரு தனி வழி, சாதாரண நாளுக்கு இன்னொரு வழி என்று வைக்காதீர்கள். வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கதவின் சாவி, தேவைப்படும் நாளில் யாரிடம் இருக்கும் என்று தெரியாது. தினமும் காசநோயாளியையும் விபத்து ரத்தத்தையும் கையாளும் குழு இது. தினமும் நடந்து பழகிய வழிதான் தொற்றுக் காலத்திலும் காப்பாற்றும்.

உடை கழற்றும் அறை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய் தொற்றிக்கொள்ள அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். நோயாளி பக்கத்தில் இருக்கும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். வேலை முடிந்து, வியர்த்து, களைத்துப் போய் உடையைக் கழற்றும்போதுதான் கை முகத்துக்குப் போகும்.

அறை 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் இருக்கட்டும். ஒருவர் கையை முழுதாக விரித்துத் திரும்பினாலும் சுவரில் படக் கூடாது. உள்ளே வரும் கதவு ஒன்று, வெளியேறும் கதவு இன்னொன்று, இரண்டும் எதிரெதிர்ச் சுவரில். கைப்பிடி வேண்டாம், தோளால் தள்ளித் திறக்கும் கதவு போதும். ஒரு ஆள் உயரக் கண்ணாடி கட்டாயம். முதுகுப் பக்க முடிச்சு எங்கே இருக்கிறது, கவசம் எங்கே கிழிந்திருக்கிறது என்று கண்ணாடியில்தான் தெரியும். காலுறை கழற்ற, கழுவித் துடைக்கக்கூடிய ஒரு கருங்கல் மேடை. கழற்றிய கை அப்படியே கீழே போடும் தூரத்தில், காலால் மிதித்துத் திறக்கும் மஞ்சள் தொட்டி. முழங்கையால் திருப்பும் குழாய்.

தரையில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப்பக்கம், அதாவது உள்ளே வரும் கதவின் பக்கம், கையுறையும் மேலங்கியும் போகும், அப்புறம் கண் கவசம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கை சுத்தம். என்95 முகக்கவசம் மட்டும் கடைசியில், அறையை விட்டு வெளியே வந்த பிறகு. அதற்கு வெளியேறும் கதவை ஒட்டி இன்னொரு தொட்டியும் இன்னொரு குழாயும் வேண்டும். வரைபடத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்த இரண்டாவது குழாய்தான். கழற்றும் வரிசையைப் பெரிய எழுத்தில், படத்தோடு, கண் மட்டத்தில் டைலிலேயே பதித்துவிடுங்கள். ஒட்டிய காகிதம் ஒரு மழைக்காலம் தாங்காது.

இந்த அறையின் காற்று வெளியேதான் போக வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளினால், சுத்தமான பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும், இங்கிருந்து அங்கே போகாது. கணக்கு சுலபம். 3 × 2.5 × 3 மீட்டர் அறையில் 22.5 கன மீட்டர் காற்று இருக்கிறது. காற்றில் பரவும் நோய்க்கான தனிமை அறைகளுக்குச் சொல்லப்படும் அளவு மணிக்கு 12 முறை காற்று மாறுவது. ஆக மணிக்கு 270 கன மீட்டர் வெளியேற வேண்டும். ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, தடையில்லாத காற்றுக்கு உரியது. குழாய், வலை எல்லாம் போட்ட பிறகு பாதிதான் தேறும் என்று வைத்துக்கொண்டு பெரிதாக வாங்குங்கள். வெளியேறும் குழாய் கூரைக்கு மேல் போகட்டும், எந்த ஜன்னலுக்கும் அருகில் வேண்டாம்.

ஆளை நிற்கவைத்து மருந்து தெளிக்கும் சுரங்கத்தை மட்டும் யார் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். 2020 ஏப்ரலிலேயே சுகாதாரத் துறை வேண்டாம் என்று சொன்ன விஷயம் அது. கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல், உடலுக்குள் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

காற்று எங்கிருந்து வருகிறது

கழுவுமிடமும் உடை கழற்றும் அறையும் எந்த மூலையில் வருவது என்பதை மதுரைக் காற்று முடிவு செய்யும். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டு காலத்திலும் அழுக்குப் பக்கத்துக் காற்று ஓய்வறை மேல் வராமல் இருக்க, அழுக்குப் பக்கத்தைத் தென்கிழக்கு மூலையில் வைத்து, ஓய்வறைகளை வடக்கிலும் வடமேற்கிலும் வைப்பது நல்லது. மனைக்கு மனை கொஞ்சம் மாறும். பக்கத்தில் களம் இருந்தால், நெல் தூற்றுபவர்களிடம் கேளுங்கள், காற்றின் போக்கு அவர்களுக்கு அத்துப்படி.

தென்கிழக்கு அக்னி மூலையாயிற்றே, சமையலறை அல்லவா வர வேண்டும் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அவர்கள் மனம் நோகாமல் பேசுங்கள். காற்றின் திசையைத் தாளில் வரைந்து காட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓய்வறைக்கு வருவோம். ஒரு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அளவு. நான்கு பேர் இருக்கும் 4 × 5 × 3 மீட்டர் அறைக்கு இது மணிக்கு 144 கன மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் இரண்டரை முறை காற்று மாறுவது. இதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு அதன் இரு மடங்குக்குத் திட்டமிடுங்கள். எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல், தலைக்கு மேல் வெந்நீர் ஆவிபோலச் சூடான காற்று வெளியேற வென்டிலேட்டர், இவை இருந்தால் வருடத்தில் பாதி நாள் மின்சாரமே இல்லாமல் இது நடக்கும். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை போட மறக்காதீர்கள். பெருந்தொற்று எப்போதாவது வரும், டெங்கு வருடா வருடம் வரும். வலை காற்றைக் குறைக்கும் என்பதால் ஜன்னலை அந்த அளவுக்குப் பெரிதாக்குங்கள்.

ஏசி வேண்டுமா என்று கேட்பார்கள். இரவு முழுக்க ஓடியவர் சித்திரை வெயிலில் பகலில் தூங்க வேண்டியிருக்கிறது. தூங்காத பைலட் ஓட்டும் வண்டியில் நோயாளி போவது எவ்வளவு ஆபத்து! ஆகவே படுக்கும் அறைக்கு மட்டும் ஏசி வைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவராது. சிறிய ஃபேன் ஒன்று எந்நேரமும் புதுக் காற்றை உள்ளே தள்ள வேண்டும். தொற்றுக் காலத்தில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தாலும் அறை தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் அடுத்த பகுதி.

வெயிலைச் சுவரிலேயே நிறுத்துவது

கட்டடம் கிழக்கு மேற்காக நீளட்டும். மேற்குச் சுவர்தான் நம் எதிரி. அங்கே படிக்கட்டு, துணி வைக்கும் அறை இவற்றை வையுங்கள், வெளியே வேம்பும் புங்கையும் நடுங்கள். மருந்து அறை மேற்கில் வேண்டவே வேண்டாம். வண்டி நிற்கும் இடத்தில் முருங்கை வேண்டாம், காற்றுக்குக் கிளை முறியும்.

மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 57 டிகிரி உயரத்தில் நிற்கும். நான்கடி உயர ஜன்னலுக்கு அந்த வெயில் முழுதாக மறைய வேண்டுமானால் சன்ஷேடு இரண்டரை அடிக்குச் சற்று மேல் நீள வேண்டும். வழக்கமாகப் போடும் ஒன்றரை அடி போதாது. வடக்குச் சுவரில் நண்பகலுக்கு ஒரு அடி போதும், ஆனால் வைகாசி, ஆனியில் காலையும் மாலையும் வெயில் சாய்வாக வடக்கிலிருந்தே வரும், பக்கவாட்டிலும் ஒரு தடுப்பு வேண்டும்.

சுவரை எலிப்பொறிக் கட்டில் கட்டச் சொல்லுங்கள். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவே வெற்றிடம் விடும் முறை. செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகும், அந்த வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். தெரிந்த கொத்தனார் கிடைக்காவிட்டால் முதலில் காம்பவுண்டுச் சுவரில் கட்டிப் பழகட்டும். உடை கழற்றும் அறைக்கும் குளியலறைக்கும் மட்டும் உட்புறம் பூசி, கூரை வரை டைல் போடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைத் தட்டு ஓடு பதியுங்கள்.

வண்டி, மின்சாரம்

வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறட்டும், ரிவர்ஸ் எடுக்கும் வேலையே இருக்கக் கூடாது. ஒரு வண்டிக்கு 4 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம், மேலே சைரன் விளக்கோடு சேர்த்து இடிக்காத 3.5 மீட்டர் உயரம். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும், டீசல் புகை தேங்காது. தரைக்கு வழவழப்பான டைல் வேண்டாம், துடைப்பத்தால் கோடிழுத்த கான்கிரீட் போதும்.

இரண்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மேலுள்ள கூரை 64 சதுர மீட்டர். 5 கிலோவாட் சோலார் பலகைகளுக்கு நிழலில்லாத 50 சதுர மீட்டர் வேண்டும், இதுவே இடம் கொடுத்துவிடும். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், ஆக 20 யூனிட். மின்விசிறிகளை பி.எல்.டி.சி. வகையாகவே வாங்குங்கள், பழைய விசிறியின் 75 வாட்டுக்குப் பதில் 30 வாட்டில் ஓடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், நட்ட நடுப் பகலாக இருந்தாலும். பேட்டரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பேட்டரியில் எவையெல்லாம் ஓடும் என்பதைத் தனி சுவிட்ச் போர்டாகப் பிரியுங்கள்: மருந்து ஃபிரிட்ஜ், தகவல் தொடர்பு, உடை கழற்றும் அறையின் ஃபேன், விளக்குகள், வண்டியின் வென்டிலேட்டரையும் (செயற்கைச் சுவாசக் கருவி) உறிஞ்சு கருவியையும் சார்ஜ் செய்யும் 15 ஆம்ப் பிளக். ஏசி அந்தப் போர்டில் வேண்டாம்.

ஆக்சிஜன் சிலிண்டர்களுக்குக் காற்றோட்டமான, நிழலான தனிக் கூண்டு. நிமிர்த்தி, சங்கிலி போட்டு, நிறைந்தது ஒரு பக்கம், காலி மறு பக்கம். எண்ணெய், கிரீஸ் எதுவும் அருகில் வரக் கூடாது.

தண்ணீரும் கழிவும்

மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 840 மி.மீ. மழை, அதில் கணிசமான பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும். 200 சதுர மீட்டர் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் வருடத்துக்கு 1,34,000 லிட்டர் கிடைக்கும். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, குழாயிலும் கருவியிலும் படிந்துவிடும். மழைநீரைத் தனித் தொட்டியில் சேர்த்துக் கருவி கழுவவும் குளிக்கவும் பயன்படுத்துங்கள். முதல் மழையை வெளியே விடும் வால்வு, கொசு புகாத மூடி இரண்டும் கட்டாயம்.

குளித்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்கு விடலாம். ஆனால் வண்டி துடைத்த ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி) தண்ணீர் அந்தப் பாத்திக்குப் போனால், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துப்போகும். அதற்குத் தனிக் குழாய், தனித் தொட்டி, எண்ணெய்ப் பிரிப்பான். குழாய் பதிக்கும் நாளில் பிளம்பரோடு கூடவே நில்லுங்கள், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது சுலபம், மண் மூடிய பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். ஹைப்போவை வெயில் படாத குளிர்ந்த அலமாரியில் வைக்க வேண்டும், சூட்டில் வீரியம் போய்விடும். கழிப்பறை ஆசிட்டை அதே அலமாரியில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு.

மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து, 48 மணி நேரத்துக்கு மேல் தேக்காமல் அனுப்ப வேண்டும். அந்த அறையின் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், எடுக்க வருபவர் உள்ளே நடக்க வேண்டியதில்லை.

தாழ்வாரமும் தனி அறைகளும்

சாப்பிடும்போது எல்லோர் முகக்கவசமும் ஒரே நேரத்தில் கழன்றுவிடும். அதனால் சாப்பாட்டு இடத்தை அறையாகக் கட்டாமல், மூன்று பக்கமும் திறந்த அகலமான தாழ்வாரமாக விடுங்கள், சுற்றித் திண்ணையோடு. அந்தத் தாழ்வாரத்தில் பத்தடிக்கு ஒரு பிளக், இரண்டு குழாய், மறைப்புத் துணி கட்டக் கொக்கி போட்டு வைத்தால் தொற்றுக் காலத்தில் கூடுதல் குழுக்கள் அங்கேயே தங்கலாம். சித்திரைத் திருவிழாவுக்கும், பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களுக்கும் வெளியிலிருந்து வண்டிகள் வரும்போது வருடா வருடம் பயன்படும்.

ஆண்களுக்கு ஒரு ஓய்வறை, பெண்களுக்கு ஒரு ஓய்வறை. இரண்டுக்கும் உள்ளேயே கழிப்பறை, வெளிப்பக்கம் தனிக் கதவு. அப்போது யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒன்றைத் தனிமை அறையாக்கிவிடலாம். இரவு ஷிப்டில் தனியாக வரும் பெண் உதவியாளருக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள், வாசலில் அணையாத விளக்கு, நாப்கின் போட மூடிய தொட்டி. இவற்றைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்த வரைபடத்தில் இது எப்போதும் சரியாக வராது.

ஒப்படைக்கும் முன்

எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, உடை கழற்றும் அறைக் கதவின் கீழ் இடுக்கில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி. வெளியே தள்ளினால் ஃபேன் போதவில்லை, அல்லது வேறெங்கோ ஜன்னல் திறந்திருக்கிறது. ஓய்வறையில் எட்டுப் பேரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து கார்பன் டை ஆக்சைடு மீட்டரைப் பாருங்கள். 800 பி.பி.எம்.முக்குக் கீழ் நின்றால் காற்று போதும், ஏறினால் ஜன்னலைக் கூட்டுங்கள். கழுவுமிடத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு குழுவை இரவில் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு, முழுக் கவசத்தோடு வழி முழுக்க நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலேயே போய், அவர்கள் கை தொடும் இடங்களை எல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வாருங்கள். சுத்தமான பக்கத்தில் குறி விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு கைப்பிடியோ சுவிட்சோ இடம் மாற வேண்டும். அந்தத் திருத்தங்களுக்காக ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வையுங்கள். பராமரிப்புப் பலகையில் புரட்டாசியில் கூரையும் முதல் மழை வால்வும், மாதம் ஒருமுறை சோலார் பலகையும் ஃபேன் வலையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஊதுபத்திச் சோதனையும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரின் பதவியையும் எழுதி மாட்டிவிடுங்கள்.